எழுபது தீக்குச்சிகளும் ஒரு நாயும்: இயல்புவாதக் கதை என்றால் என்ன?

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் ஒரே தலைப்பில் இரண்டு கதைகள் எழுதியிருக்கிறார். தலைப்பு 'டு பில்ட் எ ஃபயர்', அதாவது 'தீ மூட்டுவது'. முதலாவது 1902இல் 'யூத்ஸ் கம்பானியன்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. இரண்டாவது 1908 ஆகஸ்டில் 'செஞ்சுரி' இதழில். இரண்டிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கடுங்குளிரில் ஒருவன் தனியாக நடந்து போகிறான். பனிக்கு அடியில் மறைந்திருந்த தண்ணீரில் கால் வைத்துவிடுகிறான். கால் உறைந்துபோவதற்குள் தீ மூட்டியாக வேண்டும். முதல் கதையில் மூட்டிவிடுகிறான், பிழைக்கிறான். இரண்டாவதில் சாகிறான்.

இலக்கியத்தில் இயல்புவாதம் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன். ஒரே விஷயத்தை எழுத்தாளரே இரண்டு விதமாகச் செய்து காட்டியிருக்கும்போது நாம் எதற்கு வரையறையைத் தேடி அலைய வேண்டும்?

முதலில் பெயரில் இருக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காடு, மலை, மிருகம் எல்லாம் வந்தால் அது இயல்புவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிக் கிடையாது. இந்த வாதத்துக்குப் பெயரும் கொடியும் கொடுத்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி சோலா. அவருடைய பேர்பெற்ற நாவல்களில் நிலக்கரிச் சுரங்கமும் சலவைக் கடையும் சாராயக் கடையும்தான் இருக்கின்றன. 1880இல் அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கிளோத் பெர்னார் என்ற மருத்துவ அறிஞர் ஆய்வகத்தில் உயிர்களை வைத்துச் சோதனை செய்வதைப் போல, நாவலாசிரியனும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு மனிதனை எடுத்துக்கொள். அவனுடைய பரம்பரைக் குணம் என்ன என்று பார். அவனை ஒரு சூழலில் கொண்டுபோய் விடு. அப்புறம் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுது. ஒரே குடும்பத்தின் கிளைகளை வைத்து இருபது நாவல்களில் இதைத்தான் சோலா செய்து பார்த்தார்.

யதார்த்தவாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது யதார்த்தவாதம். இயல்புவாதம் அதோடு நிற்காமல் ஒரு கட்சியும் எடுக்கிறது: மனிதன் மற்ற உயிர்களைப் போல ஓர் உயிர், பிறப்பும் சூழலும் உடம்பும் அவனைச் செய்கின்றன, அவனுடைய ஆசைக்கும் மன உறுதிக்கும் நாம் நினைக்கும் அளவுக்கு எடை கிடையாது. தமிழில் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் பூமணியைப் பற்றிய பேச்சில்தான் கேட்டிருப்போம். கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு தலைமறைவாகத் திரியும் பையனைப் பற்றிய 'வெக்கை' (1982) படித்தவர்களுக்கு, எங்கே படுப்பது, எதைத் தின்பது என்பதே கதையாக ஓடும் அந்த நடை நினைவிருக்கும்.

சரி, லண்டனிடம் திரும்புவோம்.

பனியில் ஏன் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்கிறது?

சுரங்கத் தொழிலாளி ஒருவன் அழிகிறான் என்றால் அதற்குக் காரணம் கூலியா, குடியா, முதலாளியா, அப்பனிடமிருந்து வந்த குணமா என்று பிரித்தெடுப்பது கஷ்டம். ஆளில்லாத பனிவெளியில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒரு மனிதன், ஒரு வெப்பநிலை, அவ்வளவுதான். எந்தக் காரணம் எந்த விளைவைக் கொண்டுவந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

லண்டனுக்கு அந்த இடம் தெரியும். கனடாவின் யூகான் பகுதியில் கிளாண்டைக் ஆற்றுப் பக்கம் 1896 ஆகஸ்டில் தங்கம் கிடைத்தது. மறுவருடம் ஜூலையில் செய்தி அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்ததும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்பது பொதுவான கணக்கு. போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. கிளம்பியவர்களில் 21 வயது லண்டனும் ஒருவர். ஹெண்டர்சன் ஓடையில் ஒரு நிலத்துக்கு உரிமை பதிந்துகொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்க மரக்குடிசையில் கிடந்தார். தங்கம் ஒன்றும் தேறவில்லை. காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து, 1898 கோடையில் ஆற்று வழியாக ஊர் திரும்பினார். இரண்டாவது கதையில் வரும் ஆள் போய்ச்சேர நினைக்கும் இடம் அதே ஹெண்டர்சன் ஓடையின் இடது கிளைதான்.

அந்த ஊர்க் குளிர் நமக்குச் சுலபமாகப் பிடிபடாது. நீலகிரியில் புல்மேல் உறைபனி படிந்தால் மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அது பூஜ்யத்தை ஒட்டிய சமாச்சாரம். கதையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் சொன்னால் மைனஸ் 59 பக்கம். மிகைப்படுத்துகிறாரோ என்று தோன்றலாம். யூகானில் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3ஆம் தேதி மைனஸ் 63 பதிவாகியிருக்கிறது.

இந்த எண் விஷயத்தில் லண்டன் ஒரு தந்திரம் செய்கிறார். பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்குப் போனால் துப்பிய எச்சில் பனியில் விழுந்ததும் படக்கென்று வெடிக்கும் என்பது அந்த ஆளுக்குத் தெரியும். துப்பிப் பார்க்கிறான். எச்சில் கீழே விழுவதற்கு முன்பே காற்றில் வெடிக்கிறது. அப்படியானால் 50க்கும் கீழே. சரிதான் என்று நடக்கிறான். எண் தெரிகிறது. அந்த எண் தன் உடம்புக்கு என்ன செய்யும் என்று அவன் மேற்கொண்டு யோசிப்பதில்லை. கற்பனை இல்லாதவன் என்பதுதான் இவனுடைய கோளாறு என்று கதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. அவன் சுறுசுறுப்பானவன், கண்ணால் காண்பதை உடனே கவனித்துக்கொள்கிறவன். கண்டதற்கு என்ன பொருள் என்பதில்தான் கோட்டை விடுகிறான்.

அவனுக்குப் பெயர் இல்லை, 'அந்த ஆள்' மட்டும்தான். 1902 கதையில் டாம் வின்சென்ட் என்று பெயர் இருந்தது. சோதனைக் குழாயில் இருக்கும் உயிருக்குப் பெயர் எதற்கு என்று ஆறு வருடத்தில் லண்டன் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

மரத்தடியில் நடந்தது

கதையின் நடுவில் உள்ள தீ மூட்டும் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

காலையில் கிளம்பியவன் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து, நெஞ்சோடு வைத்துச் சூடு காத்த ரொட்டியை எடுக்கிறான். கையுறையைக் கழற்றிய சில நொடிகளில் விரல் மரத்துப்போகிறது. சாப்பிடும் முன் தீ மூட்ட மறந்துவிட்டோமே என்று தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்கிறான். தீ மூட்டிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறான். முதல் பிழை இது, சரி செய்யக்கூடியது. பிறகு ஓர் இடத்தில் பனி உள்வாங்கி, முழங்காலுக்குப் பாதி வரை நனைகிறான்.

அத்தனை குளிரில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்கலாம். மலைச்சரிவில் உள்ள ஊற்றுகள் எந்தக் குளிரிலும் கசிந்துகொண்டே இருக்கும். ஓடை அடிவரை உறைந்திருந்தாலும் அந்த ஊற்றுநீர் பனிக்கட்டிக்கு மேலேயும் பனிக்கு அடியிலும் ஓடும். மேலே உள்ள பனி கம்பளி போட்டு மூடியது மாதிரி. அவனுக்கு இதுவும் தெரியும். சந்தேகமான ஓரிடத்தில், கூட வந்த நாயை முன்னால் தள்ளிவிட்டுச் சோதித்துக்கூடப் பார்த்தவன்தான். விழுந்தது, எந்த அடையாளமும் இல்லாத இடத்தில்.

கரையேறி, ஸ்ப்ரூஸ் மரத்தடியில் புதரில் சிக்கியிருந்த காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கி, பிர்ச் மரப்பட்டையில் நெருப்பு வைத்து, ஒவ்வொரு குச்சியாகக் கொடுத்து வளர்க்கிறான். அவசரப்படவில்லை. நெருப்பு பிடித்துக்கொள்கிறது. சல்ஃபர் ஓடையில் இருக்கும் ஒரு பழைய ஆள், 50க்குக் கீழே போனால் தனியாகப் போகக்கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தார். அந்தக் கிழவர்களுக்குக் கொஞ்சம் பெண்பிள்ளை மனசு என்று இப்போது நினைத்துக்கொள்கிறான். நனைந்த மொக்கசின் செருப்பின் கயிறுகள் இரும்புக்கம்பி மாதிரி விறைத்திருக்கின்றன. அறுக்கக் கத்தியை எடுக்கிறான்.

மேலே கிளைகளில் வாரக்கணக்கில் காற்றே அடிக்காததால் பனி சுமைசுமையாக உட்கார்ந்திருக்கிறது. அவன் கீழே ஒரு சுள்ளியை இழுத்த ஒவ்வொரு முறையும் மரம் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்திருக்கிறது. ஒரு கிளை தன் சுமையைக் கொட்டுகிறது. அது கீழ்க்கிளையில் விழ, அதுவும் கொட்ட, கடைசியில் மொத்தமும் நெருப்பின் மேல். நெருப்பு இருந்த இடத்தில் புதுப்பனி கிடக்கிறது.

இந்தப் பத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிறு கலங்கும். இதில் வில்லன் இல்லை, புயல் இல்லை, ஓநாய்க் கூட்டம் இல்லை. வெட்டவெளியில் மூட்டியிருக்க வேண்டும். மரத்தடியில் சுள்ளியைப் பிடுங்கி நேராகத் தீயில் போடச் சௌகரியமாக இருந்தது. வீட்டில் எந்தச் சோம்பலுக்கும் நாம் சொல்லும் சமாதானம்தான் இது. இயற்கை அவனைத் தண்டிக்கவில்லை, பழிவாங்கவும் இல்லை. பனியின் எடை கிளையின் தாங்குதிறனைத் தாண்டியது, விழுந்தது. இயல்புவாதம் இந்த மாதிரி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

அதன்பிறகு வருவது உடம்பைப் பற்றிய பாடம். இரண்டாவது முறை வெட்டவெளியில் சுள்ளி சேர்க்கிறான், ஆனால் விரல்கள் போய்விட்டன. ஒரு தீக்குச்சியைப் பிரித்தெடுக்க முடியவில்லை. பல்லால் கவ்வித் தொடையில் இருபது தடவை உரசி ஒன்றைப் பற்றவைக்கிறான். கந்தகப் புகை மூக்கில் ஏற, இருமலில் குச்சி விழுந்து அணைகிறது. கடைசியில் எழுபது குச்சிகளையும் ஒரே கட்டாக இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியில் பிடித்து ஒரேயடியாகக் கொளுத்துகிறான். சதை கருகும் வாசனை வருகிறது. வலி அப்புறம்தான் தெரிகிறது. அதிலும் ஒரு நெருப்பு பிடிக்கிறது. அதன்மேல் ஒரு துண்டுப் பச்சைப்பாசி விழ, அதை எடுக்கப்போன கை நடுக்கத்தில் சின்னஞ்சிறு தீயின் நடுவையே கலைத்துவிடுகிறது. ஒவ்வொரு சுள்ளியும் ஒரு துளி புகை விட்டு அணைகிறது.

இங்கே லண்டன் சொல்லும் உடலியல் சரியானது. குளிர் கூடினால் உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயம், மூளை இருக்கும் நடுப்பகுதியைக் காப்பாற்றப் பார்க்கும். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் வெப்பத்தைக் கடத்தும் என்பதால் நனைந்த கால் முதலில் போகும். உடம்பு செய்வது நியாயமான வேலைதான். ஆனால் அது காப்பாற்றும் நடுப்பகுதிக்குத் தீ மூட்டத் தெரியாது. தீ மூட்டும் விரல்களை அது கைவிட்டுவிடுகிறது. தன் சொந்த உடம்பின் விதியே மனிதனுக்கு எதிராகத் திரும்பும் இந்த இடம் சோலாவுக்குப் பிடித்திருக்கும்.

நாய்

1902 கதையில் நாய் கிடையாது. 1908இல் லண்டன் சேர்த்த மிகப் பெரிய விஷயம் அந்த ஹஸ்கி நாய்தான். அதற்கு வெப்பமானி பற்றி எதுவும் தெரியாது. ஆனால் இது நடக்கக்கூடிய நாள் இல்லை என்று அதன் உள்ளுணர்வுக்குத் தெரிகிறது. மனிதனின் கணக்கைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரில் கால் வைத்ததும் விரலிடுக்கில் உறைந்த பனிக்கட்டியை அது கடித்து எடுக்கிறது. எடுக்காவிட்டால் கால் புண்ணாகும் என்று அது யோசித்துச் செய்யவில்லை, உடம்பு சொன்னதைச் செய்கிறது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அப்போது அமெரிக்காவில் மிருகக் கதைகளைப் பற்றிப் பெரிய சண்டை. கதைகளில் மிருகங்கள் மனிதர் மாதிரி யோசிக்கின்றன, இதெல்லாம் போலி என்று இயற்கையைப் பற்றி எழுதிவந்த ஜான் பரோஸ் 1903இல் எழுதினார். 1907இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்துகொண்டு லண்டனையும் பெயர் சொல்லித் தாக்கினார். என் நாய்கள் யோசிப்பதில்லை, செய்கின்றன என்று கதைக்குள்ளேயே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேனே என்பது லண்டனின் பதில். அந்தப் பதில் வந்ததும் இந்த நாய் வந்ததும் ஒரே வருடம், 1908.

கதையின் கொடூரமான இடமும் நாயோடுதான். அதைக் கொன்று, சூடான உடம்புக்குள் கையை விட்டுக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. கட்டிப்பிடித்தும் விடுகிறான். பிடித்த பிறகுதான் தெரிகிறது, கத்தியை எடுக்கவோ கழுத்தை நெரிக்கவோ கை இல்லை. விட்டுவிடுகிறான்.

ஒரு குறை சொல்ல வேண்டும். இந்த நிலத்தில் ஹான் என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். 1896இல் தங்கம் கண்ட குழுவிலேயே ஸ்கூக்கம் ஜிம் போன்ற தாகிஷ் பூர்வகுடியினர் இருந்தார்கள். குளிரோடு எப்படி வாழ்வது என்ற அறிவு மனிதர்களிடமே இருந்தது. கதையில் அது ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடமும் ஒரு நாயிடமும் மட்டும் இருக்கிறது. மனிதன் இயற்கைக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று காட்ட, அங்கே வாழத் தெரிந்த மனிதர்களைச் சட்டகத்துக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது. வனாந்தரக் கதை எதைப் படித்தாலும், 'ஆளில்லாத இடம்' என்றால் யார் இல்லாத இடம் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

பலசாலி பிழைப்பான் என்பது சரியா?

இயல்புவாதம் என்றதும் டார்வின் பெயரைச் சொல்லி, வலுத்தவன் பிழைப்பான் என்று முடித்துவிடுவார்கள். அப்படி நினைப்பவர்களுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கிரேனின் 'தி ஓப்பன் போட்' நல்ல மருந்து. கிரேன் பத்திரிகையாளராக கியூபாவுக்குப் போன 'கொமொடோர்' என்ற கப்பல் 1897 ஜனவரி 2ஆம் தேதி ஃப்ளோரிடாவுக்கு அப்பால் மூழ்கியது. சின்னப் படகில் நான்கு பேர்: கேப்டன், சமையல்காரர், இயந்திரத்துக்கு எண்ணெய் போடுபவர், கிரேன். அதே வருடம் அதைக் கதையாக எழுதினார். கதையில் கேப்டனுக்கு அடிபட்டிருக்கிறது. நால்வரில் வலுவானவர், நன்றாகத் துடுப்புப் போட்டவர், கரையை நோக்கி முன்னால் நீந்திப் போனவர் அந்த எண்ணெய்க்காரர். செத்தது அவர் மட்டும். இயற்கை கொடியதும் இல்லை, கருணையானதும் இல்லை, அதற்கு இவர்களைப் பற்றி அக்கறையே இல்லை என்று படகில் இருப்பவனுக்குப் புரிகிறது. இதற்குமேல் அந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் இந்த மாதிரிக் கதைகளில் பிழைக்கும் பாடம் என்று ஏதாவது உண்டா? தகவலாகப் பார்த்தால் நிறைய உண்டு. மரத்தடியில் தீ மூட்டாதே. கை நன்றாக இருக்கும்போதே குச்சிகளைப் பிரித்து வை. நனைந்தால் நடக்காதே, முதலில் காய். இவை எல்லாம் இன்றைக்கும் செல்லும். ஆனால் 1902 கதையில் பாடம் ஒரு பரிசு மாதிரி வருகிறது. வடக்கில் தனியாகப் பயணம் போகாதே என்ற விதியை மீறிய டாம் வின்சென்ட் கையில் தழும்போடு தப்பித்து, அந்த விதியைத் தானே எல்லோருக்கும் சொல்பவனாக மாறுகிறான். தப்பு செய்தான், பட்டான், திருந்தினான். அது பையன்களுக்காக எழுதியது என்று பின்னாளில் லண்டனே ஒரு கடிதத்தில் சொன்னார். நம்மூர் நீதிக்கதையும் இதே தடத்தில்தான் போகும்.

1908இலும் அந்த ஆள் பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். முதல் தீ அணைந்ததுமே, கூட ஒருவன் இருந்திருந்தால் இந்நேரம் அவன் தீ மூட்டியிருப்பான் என்று நினைக்கிறான். ஆக, புரியாமல் சாகவில்லை. புரிந்ததற்காக எதுவும் நின்று காத்திருக்கவில்லை என்பதுதான் விஷயம். காலில் உறைதல் ஏறும் வேகம், அவன் திருந்தியதால் ஒரு நொடிகூடக் குறைவதில்லை. இரண்டு கதைகளுக்கும் உள்ள மொத்த வித்தியாசமும் எனக்கு இதுதான். ஒன்றில் பாடம் உயிரைக் காப்பாற்றும் பொருள். இன்னொன்றில் பாடம் வந்து சேரும்போது அதைப் பயன்படுத்த விரல் இல்லை.

கொஞ்சதூரம் ஓடிப் பார்க்கிறான். தலை அறுந்த கோழி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே தோன்றுகிறது. உட்கார்ந்துவிடுகிறான். இதமான தூக்கம் வருகிறது. மறுநாள் கூட்டாளிகள் தன்னைத் தேடி வருவதைக் கற்பனையில் பார்க்கிறான், அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவனாக நின்று. கற்பனை இல்லாதவன் என்று அறிமுகமானவன்! அப்புறம் சல்ஃபர் ஓடைக் கிழவர் பைப் புகைத்துக்கொண்டு இருப்பது தெரிகிறது. நீங்கள் சொன்னது சரிதான் பெரியவரே என்று முணுமுணுக்கிறான்.

டாம் வின்சென்ட் இதே விஷயத்தை ஊருக்குச் சொன்னான். இங்கே கேட்க ஒரு நாய் மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கிறது. யாரும் இப்படித் தீ மூட்டாமல் பனியில் உட்கார்ந்து அது பார்த்ததில்லை. இருட்டியதும் கிட்டே போய் மோந்து பார்க்கிறது, சாவின் வாசனை. கொஞ்ச நேரம் நட்சத்திரங்களுக்குக் கீழே ஊளையிட்டுவிட்டு, தீயும் சாப்பாடும் கொடுக்கும் வேறு ஆட்கள் இருக்கும் முகாமைப் பார்த்துத் திரும்பி ஓடுகிறது.